ஐஸ் கம்பெனியில் கரண்ட் எங்கே போகிறது? ராமநாதபுரம் கடலோர ஆலைகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, மூக்கையூர் ஒரு பக்கம், தேவிபட்டினம், தொண்டி மறுபக்கம். இந்தக் கரை நெடுக ஓடும் அமோனியா பிளாக் ஐஸ் ஆலைகளை மனதில் வைத்து எழுதியது இது. பிரஷர் எல்லாம் கேஜில் தெரியும் பிஎஸ்ஐ கணக்கு. வெப்பநிலை செல்சியஸ். ஆலை ஓடும் விதம் இது: தண்ணீர் ஊற்றிய கேன்கள் உப்புக் கரைசல் (பிரைன்) தொட்டியில் நிற்கும், உறைந்து வரும் கட்டிதான் பார். தொட்டிக்குள் இருக்கும் காயிலில் அமோனியா ஆவியாகிப் பிரைனைக் குளிரவைக்கும், பிரைனைச் சுற்ற வைப்பது கலக்கி. அந்தக் கேஸைக் கம்ப்ரசர் அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்ப, அங்கே சூட்டை விட்டுத் திரும்பத் திரவமாகும்.

ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட் ஆனால் நியாயம்?

நம் வெயிலுக்கு 55 முதல் 70 யூனிட் வரை ஆகலாம். 60-ஐ ஒட்டி ஓடினால் நல்ல ஆலை. 75, 80 என்று போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இதன் கணக்கு எளிது. 30 டிகிரி தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர கிலோவுக்கு 126 கிலோஜூல், உறைய வைக்க 334, உறைந்த கட்டியை மைனஸ் 8 வரை இறக்க இன்னொரு 17. கூட்டினால் 477. தொட்டிச் சுவர், மூடி, கலக்கி மோட்டார் வழியாக உள்ளே வரும் சூட்டுக்கு 15 முதல் 20 சதவீதம் சேர்த்தால் கிலோவுக்கு 560 ஆகும். அதாவது ஒரு டன்னுக்கு சுமார் 155 யூனிட் குளிர் வேண்டும். சீராக ஓடும் அமோனியா கம்ப்ரசர் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் குளிர் தரும். ஆக கம்ப்ரசருக்கு 50 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், மீதி பம்பு, ஃபேன், கலக்கிக்கு.

10 டன் ஆலை 75-லிருந்து 60-க்கு வந்தால் நாளுக்கு 150 யூனிட் மிச்சம். வருடத்துக்கு 250 நாள் ஓட்டம், யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் ரூபாய்.

மாத பில்லை வைத்தே இதைப் பார்க்கலாமா?

பார்த்தால் ஏமாறுவீர்கள். அந்த பில்லில் கிரஷர், ஆர்ஓ, ஆபீஸ், சில இடங்களில் பக்கத்துக் குடோன் எல்லாம் கலந்திருக்கும். கம்ப்ரசர் மோட்டாருக்குத் தனி மீட்டர் ஒன்று, பம்பு–ஃபேன்–கலக்கிக்கு இன்னொன்று போடுங்கள். பார் எண்ணிக்கையை ஷிப்ட் வாரியாக எழுதுங்கள். வாரம் ஒரு நாள் பத்து பாரை எடை போட்டுப் பாருங்கள். 50 கிலோ என்று சொல்லப்படும் பார், கேனில் தண்ணீர் குறைவாக விட்டதால் 44, 45 கிலோ நிற்பது சாதாரணம். அப்படியிருக்க பார் கணக்கை வைத்து டன் போட்டால் ஆலை இருப்பதைவிட நன்றாக ஓடுவதுபோல் தெரியும்.

யூனிட்டோடு நான்கு எண்களையும் நாளுக்கு மூன்று முறை எழுத வேண்டும்: ஹெட் பிரஷர் (கண்டென்சர் பக்க அழுத்தம்), சக்‌ஷன் பிரஷர் (காயிலிலிருந்து கம்ப்ரசருக்கு வரும் பக்க அழுத்தம்), பிரைன் வெப்பநிலை, கண்டென்சர் தண்ணீர் உள்ளே போகும்–வெளியே வரும் வெப்பநிலை. இனி வரும் பதில்களில் பாதி இந்த நான்கையும் வாசிப்பதுதான்.

பழைய கம்ப்ரசரை எடுத்துவிட்டுப் புதிதாக ஸ்க்ரூ கம்ப்ரசர் போட்டால் பில் குறையுமா?

முதல் செலவாக அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரசர் செய்வது கேஸைத் தாழ்ந்த பிரஷரிலிருந்து உயர்ந்த பிரஷருக்கு ஏற்றும் வேலை. எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மேலே கண்டென்சர், கீழே காயில். கண்டென்சர் சூடு ஒரு டிகிரி குறைந்தால் கரண்ட் 2 முதல் 3 சதவீதம் குறையும். காயில் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் சுமார் 3 சதவீதம் குறையும். இரண்டையும் சரிசெய்யாமல் புதுக் கம்ப்ரசர் வாங்கினால், அதுவும் அதே மலையைத்தான் ஏறும்.

இன்னொன்று, ஸ்க்ரூ கம்ப்ரசர் முழு லோடில் நன்றாக ஓடும். பாதி லோடில் ஸ்லைடு வால்வை மூடி ஓட்டினால் கரண்ட் பாதியாகக் குறையாது. படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாளில் முழு ஓட்டம், மற்ற நாளில் பாதி ஓட்டம் என்றிருக்கும் நம் ஆலைக்கு ஒரு பெரிய ஸ்க்ரூவைவிட இரண்டு சின்ன ரெசிப்ரோகேட்டிங் (பிஸ்டன்) மெஷின்கள் பொருத்தம்.

ஹெட் பிரஷர் 230-ஐத் தொடுகிறது. "கோடையில் அப்படித்தான்" என்கிறார் ஆபரேட்டர். உண்மையா?

பாதி உண்மை. நம் கரையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வெட் பல்பு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) 27, 28 டிகிரி வரை போகும். எவாப்பரேட்டிவ் கண்டென்சர் (குழாய் மேல் தண்ணீர் தெளித்து ஃபேனால் குளிர்விப்பது) நல்ல நிலையில் இருந்தால் அதற்கு 10 டிகிரி மேலே, 37, 38-இல் அமோனியா திரவமாகிவிடும். கேஜில் அது 195–200. அதற்கு மேலே காட்டுவதைக் கோடையின் கணக்கில் எழுத முடியாது. 230 என்றால் 43 டிகிரி. ஐந்து டிகிரி கூடுதல். கரண்ட் 10 சதவீதத்துக்கு மேல் வீண்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காற்று, உப்புப் படிவு, தண்ணீர் அல்லது ஃபேன் ஓட்டக் குறைவு.

காற்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. கம்ப்ரசரை நிறுத்துங்கள். கண்டென்சரில் தண்ணீர் மட்டும் ஓடட்டும். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் பிரஷரைப் படியுங்கள். தண்ணீர் 30 டிகிரி என்றால் சுத்தமான அமோனியா 155 காட்ட வேண்டும்; 32 டிகிரி என்றால் 165. அதைவிட 10, 15 கூடக் காட்டினால் உள்ளே காற்று நிற்கிறது. நம் ஆலைகளில் சக்‌ஷன் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே இறங்குவதில்லை, ஆகவே ஓடும்போது காற்று நுழையாது. வால்வு பிளேட் மாற்ற மெஷினைத் திறந்துவிட்டு, வேக்கூம் எடுக்காமல் மூடியபோது வந்ததாகத்தான் இருக்கும்.

காற்றை வெளியேற்றும் வழி: கண்டென்சர் அல்லது ரிசீவரின் (திரவ அமோனியா சேரும் கலம்) உச்சியில் இருக்கும் பர்ஜ் வால்விலிருந்து ஹோஸை ஒரு டிரம் தண்ணீருக்குள் முக்கி, வால்வைத் துளி திறக்க வேண்டும். குமிழி மேலே வந்து உடைந்தால் காற்று. படபட என்று சத்தம் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே கரைந்தால் அமோனியா, உடனே மூடுங்கள். ஹோஸில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லையென்றால் பிரஷர் விழும்போது டிரம் தண்ணீர் சிஸ்டத்துக்குள் போய்விடும். அமோனியா கரைந்த அந்தத் தண்ணீரை வாய்க்காலிலோ கடலிலோ கொட்டக் கூடாது.

காற்று இல்லையென்றால் அடுத்தது படிவு. ஷெல் அண்ட் டியூப் கண்டென்சரில் அமோனியா திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இயல்பு. 8-ஐத் தாண்டினால் டியூபுக்குள் காரை பிடித்திருக்கிறது.

காரையை எப்படி எடுப்பது? ஆசிட் ஊற்றலாமா?

மெல்லிய படிவென்றால் நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். கெட்டிக் காரைக்கு சல்ஃபாமிக் ஆசிட் 5 சதவீதக் கரைசல், அதாவது 500 லிட்டர் தண்ணீருக்கு 25 கிலோ, கூடவே ஆசிட் இன்ஹிபிட்டர். கம்ப்ரசரை நிறுத்தி, தண்ணீர்ப் பக்கத்தில் மட்டும் சின்ன பம்பு வைத்து நான்கைந்து மணி நேரம் சுற்ற விடுங்கள். மேலே காற்றுக்குழாய் திறந்திருக்க வேண்டும், கேஸ் வெளியேற வேண்டுமே. நுரை நின்றால் காரை தீர்ந்தது என்று பொருள். பிறகு சோடா ஆஷ் கரைசலால் நடுநிலையாக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொடாதீர்கள். காரையோடு இரும்பையும் தின்று டியூபில் ஊசித்துளை போடும். கால்வனைஸ் செய்த காயிலுக்கு எந்த ஆசிட்டும் ஆகாது, துத்தநாகப் பூச்சு போய்விட்டால் உப்புக்காற்றில் இரண்டு மழைக்குள் துரு ஏறிவிடும்.

எடுத்த காரை ஆறு மாதத்தில் திரும்ப வருகிறதே?

தொட்டித் தண்ணீரை வெளியேற்றாமல் மேலே மேலே ஊற்றினால் வரத்தான் செய்யும். ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. 10 டன் ஆலையின் கண்டென்சரில் நாளுக்கு சுமார் 3000 லிட்டர் ஆவியாகும். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1500, தொட்டியில் 4500-க்கு மேல் விடக் கூடாது என்றால், மூன்று மடங்கு செறிவு. அதற்கு நாளுக்கு 1500 லிட்டர் வடித்துவிட வேண்டும். வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்து, மணிக்கு 60 லிட்டர் வருகிறதா என்று வாளியில் பிடித்துப் பார்த்து அப்படியே பூட்டிவிடுவது எளிய வழி.

பல ஊர்களில் போர் தண்ணீரே 4000, 5000 இருக்கும். அங்கே இந்தக் கணக்கு நடக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கண்டென்சருக்கு ஊற்றுவது பாவம் என்பது ஒருபுறம், கிடைக்கவும் செய்யாது. ஆர்ஓ வைத்திருந்தால் அதன் கழிவுநீரைக் கண்டென்சருக்கு விடும் பழக்கம் உண்டு. அது இருக்கும் உப்பை இரட்டிப்பாக்கும், வேண்டாம். மழைநீரைக் கூரையிலிருந்து பிடித்துக் கண்டென்சர் தொட்டிக்கு விடுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை நன்றாக உதவும்.

கடல் தண்ணீரையே பயன்படுத்தினால் என்ன?

வெப்பநிலை நல்லது, அளவுக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை உலோகம். சாதாரண இரும்பு டியூப் கடல் தண்ணீரில் நிற்காது. தாமிரம், பித்தளை, குப்ரோநிக்கல் மூன்றையும் அமோனியா அரிக்கும். மிஞ்சுவது டைட்டானியம் பிளேட் எக்ஸ்சேஞ்சர். விலை அதிகம், பெரிய ஆலைக்கு மட்டும் கட்டும். குழாய் வாயில் சிப்பியும், பருவத்தில் சொறிமீனும் (ஜெல்லி மீன்) வந்து அடைக்கும், ஆகவே இரட்டை வடிகட்டி வேண்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓட. கரையில் குழாய் இறக்க கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவை. மன்னார் வளைகுடாப் பக்கம் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருப்பதால் சூடான நீரை எங்கே விடுகிறீர்கள் என்ற கேள்வியும் வரும்.

சக்‌ஷன் பிரஷர் 12, 13-க்கு விழுகிறது. பிரைனோ மைனஸ் 9-தான். கேஸ் போட வேண்டுமா?

கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருமுன் யோசியுங்கள். சக்‌ஷன் 13 என்றால் காயிலுக்குள் மைனஸ் 20. பிரைனுக்கும் காயிலுக்கும் 11 டிகிரி இடைவெளி. இருக்க வேண்டியது 5, 6. மைனஸ் 15-இல் காயில் நின்றால் கேஜ் 19, 20 காட்டும். இந்த ஐந்து டிகிரிக்காக 15 சதவீதம் கரண்ட் போகிறது, ஐஸும் குறைகிறது.

முதல் சந்தேகம் எண்ணெய். கம்ப்ரசரிலிருந்து தப்பி வரும் எண்ணெய் திரவ அமோனியாவைவிட கனம் என்பதால் காயிலின் அடியில் போய்ப் படியும். வாரம் ஒரு முறை ஆயில் பாட் (எண்ணெய் சேரும் கலம்) வழியாக வடிக்க வேண்டும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இல்லாமல் இந்த வேலை செய்யவே கூடாது. வால்வைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதால் நேர்ந்த விபத்துகள்தான் இந்தத் தொழிலில் அதிகம். எவ்வளவு எண்ணெய் வடித்தீர்கள், கம்ப்ரசரில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

அடுத்த சந்தேகம் பிரைன். காயிலைத் தொட்டுப் பார்க்க முடிந்தால், மேலே ஐஸ் ஓடு பிடித்திருக்கிறதா பாருங்கள். பிறகு கலக்கியின் இறக்கை தேய்ந்ததா, எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது பேஸ் மாறுவது நடக்கிற காரியம். இவை எல்லாம் சரியென்றால்தான் கேஸ் குறைவு, அல்லது காயிலுக்குத் திரவ அமோனியாவை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு.

கையால் திருகும் எக்ஸ்பான்ஷன் வால்வை இன்னும் வைத்திருக்கும் ஆலைகள், அக்யூமுலேட்டரில் (காயிலோடு இணைந்த திரவ அமோனியாக் கலம்) லெவல் சுவிட்சும் கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும் போட்டு காயிலை எப்போதும் நிறைந்தே வைத்தால் மூன்று நான்கு டிகிரி ஆதாயம் உண்டு. நவீனமாக்கும் செலவில் இதை முன்வரிசையில் வையுங்கள்.

பிரைனில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

எடையில் 20 சதவீதம். அந்தக் கரைசல் மைனஸ் 16.5-இல்தான் உறையும், அடர்த்தி 1.15-ஐ ஒட்டி. 15 சதவீதத்துக்கு இறங்கினால் மைனஸ் 11-இலேயே உறையும். மைனஸ் 15-இல் இருக்கும் காயிலின் மேல் ஐஸ் போர்வை பிடித்துக்கொண்டு குளிரைத் தடுக்கும். கேனைத் தூக்கும்போது சொட்டிப் போவது, மழைநீர் இறங்குவது, ஓட்டைக் கேன், எல்லாம் சேர்ந்து பிரைனை நாளுக்கு நாள் நீர்த்துப்போகச் செய்யும்.

15-லிருந்து 20-க்கு ஏற்ற, 1000 லிட்டருக்கு சுமார் 70 கிலோ உப்பு. வாலிநோக்கம் உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறது. தொட்டியில் கொட்டாதீர்கள், அடியில் பாறையாகிவிடும். சாக்கில் கட்டிக் கலக்கியின் ஓட்டத்துக்கு நேரே தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் கரையும். ஹைட்ரோமீட்டரில் அளக்கும்போது மாதிரியை அதில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்குச் சூடாக விட்டு அளக்க வேண்டும். குளிர்ந்த பிரைன் இருப்பதைவிட கெட்டியாகக் காட்டும்.

பிஎச் 7.5 முதல் 8.5 வரை. திடீரென்று 9-ஐத் தாண்டினால் காயிலில் அமோனியா கசிகிறது. அரிப்பைத் தடுக்க முன்பு குரோமேட் போடுவார்கள். அது நஞ்சு, மீனுக்கு வைக்கும் ஐஸ் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

படகு நிற்கிறது, ஐஸ் சீக்கிரம் வேண்டும். பிரைனை மைனஸ் 12-க்கு இறக்கலாமா?

இறக்கினால் நேரம் குறையும். மைனஸ் 8-இல் 16 மணி நேரம் எடுக்கும் பார் மைனஸ் 10-இல் 13 மணி நேரத்தில் உறையும். ஆனால் ஒவ்வொரு இரண்டு டிகிரிக்கும் கரண்ட் 6 சதவீதம் கூடும். மைனஸ் 12-க்குக் கீழே போனால் பார் விரிசல் விட்டு, கிரஷருக்கு முன்பே நொறுங்கும்.

வேறு வழி, கேனின் கனம், அதாவது தகட்டின் கனமல்ல, உள்ளே உறையும் பாரின் தடிமன். உறையும் நேரம் கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 சதவீதம் மெல்லிய கேன் கிட்டத்தட்ட 20 சதவீதம் நேரத்தை மிச்சப்படுத்தும். கேன் மாற்றும் வருடத்தில் இதை யோசியுங்கள். உறைந்த பாரைக் கேட்பாரின்றித் தொட்டியிலேயே விட்டுவைப்பதும் வீண்தான்.

கேனில் விடும் தண்ணீரை முன்கூட்டியே குளிரவைத்தால்?

10 டிகிரி குறைத்தால் பிரைன் தொட்டியின் சுமை 9 சதவீதம் குறையும். அந்தக் குளிரை வேறொரு சில்லர் தரவேண்டும் என்பதால் கரண்டில் மிச்சம் அதில் பாதிதான். உற்பத்தி போதாத ஆலைக்கு லாபம், மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். பாரைக் கழற்றக் கேனை முக்கும் டிப் டேங்கின் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதே என்று அதைக் கேனில் ஊற்றாதீர்கள், பிரைன் உப்பு கலந்திருக்கும்.

மூடி, இன்சுலேஷன்?

உடைந்த மரமூடியை மாற்றுங்கள். மூடியில்லாத ஒவ்வொரு குழியும் கடற்காற்றின் ஈரத்தைப் பிரைனுக்குள் இறக்குகிறது. சூடும் ஏறுகிறது, உப்பும் நீர்க்கிறது. தொட்டியின் வெளிச்சுவர் வியர்த்தால் உள்ளே இன்சுலேஷன் நனைந்துவிட்டது. உமி நிரப்பிய பழைய சுவர் ஒரு தடவை நனைந்தால் பிறகு பயனில்லை. 150 மில்லிமீட்டர் தெர்மோகோல் அல்லது 100 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை), ஈரத்தடுப்புத் தாள் வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம். தாளை உள்பக்கம் ஒட்டிய வேலை இரண்டு வருடத்தில் வீணாகும்.

மோட்டார், பெல்ட், கெப்பாசிட்டர்?

30 கிலோவாட் ஐஇ3 (உயர்திறன் வகை) மோட்டாரின் திறன் 93.6 சதவீதம். இரண்டு மூன்று தடவை வைண்டிங் கட்டிய பழைய மோட்டார் இதைவிட நான்கைந்து குறைவாக இருக்கும். அடுத்த தடவை எரிந்தால் கட்டாமல் மாற்றுங்கள். வி-பெல்ட் மாற்றும்போது மொத்த செட்டையும் மாற்றுங்கள். உயர் அழுத்த (எச்டி) மின் இணைப்பில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம். உப்புக்காற்றில் கெப்பாசிட்டர் சீக்கிரம் போகும், மாதம் ஒரு முறை ஆம்பியர் பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி போடுவதானால் கண்டென்சர் ஃபேனுக்கு முதலில், பேனலை மூடிய அறையில் வையுங்கள்.

இரவில் மட்டும் ஓட்டினால் லாபமா?

உயர் அழுத்த இணைப்புக்கு ஆம். காலை, மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம், பின்னிரவுக்குத் தள்ளுபடி. நேரமும் சதவீதமும் உங்கள் பில்லிலேயே இருக்கும். நல்ல இன்சுலேஷன் உள்ள பிரைன் தொட்டி, உச்ச நேரம் முழுக்க கம்ப்ரசரை நிறுத்தினாலும் ஓரிரு டிகிரிக்குமேல் ஏறாது. இரவில் கண்டென்சரும் இலகுவாக ஓடும்.

வடநாடுகளில் ஊர் முழுக்க வெந்நீர்க் குழாய் போட்டு ஆலைச் சூட்டைப் பயன்படுத்துகிறார்களாமே?

டென்மார்க் போன்ற குளிர்நாடுகளில் உண்டு. அங்கும் நவீனமாக்கலின் சாரம் வெப்பநிலையைத் தாழ்த்துவதுதான்: முன்பு 80 டிகிரிக்கு மேல் அனுப்பிய தண்ணீரை 50, 60-இல் அனுப்புவது, குழாயில் சிந்தும் சூட்டைக் குறைப்பது. நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் மீன் கூடை, தளம் கழுவ வெந்நீர் தேவை. கம்ப்ரசரிலிருந்து கேஸ் 110 டிகிரிக்கு மேல் வருகிறது. டிஸ்சார்ஜ் லைனில் டீசூப்பர்ஹீட்டர் வைத்தால், கண்டென்சருக்குப் போகும் சூட்டில் பத்தில் ஒரு பங்கு 60 டிகிரி வெந்நீராகக் கிடைக்கும். பக்கத்தில் மீன் பதப்படுத்தும் கூடம் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் காசு வீண்.

சோலார்?

கமுதியில் 648 மெகாவாட் சோலார் ஆலை நிற்கும் மாவட்டத்தில் வெயிலுக்குக் குறையில்லை. கூரையில் போடலாம். ஆனால் 80 யூனிட் தின்னும் ஆலையை 60-க்குக் கொண்டுவந்தபின் போட்டால் கால்வாசிப் பேனல் மிச்சம். மீன்பிடித் தடைக்காலத்தில் உற்பத்தியாகும் கரண்டை எங்கே விடுவது என்பதை முதலிலேயே மின்வாரியத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அமோனியாவுக்குப் பயந்து ஃப்ரியானுக்கு மாறலாமா?

ஆர்22 என்ற ஃப்ரியானுக்கு மாறாதீர்கள், 2030-க்குள் இந்தியாவில் அது முடிகிறது. அமோனியாவின் ஓசோன் பாதிப்பும் புவி வெப்பப் பாதிப்பும் பூஜ்யம், கரண்டும் குறைவு.

அரசு மானியம் உண்டா?

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் ஆலை கட்டுவதும் புதுப்பிப்பதும் அடங்கும். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். வேலையை முடித்துவிட்டு பில்லோடு போனால் கிடைக்காது. தற்போதைய நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதல் வாங்கியபின் தொடங்குங்கள்.

தடைக்காலத்தில் எந்த வேலையை முதலில் செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு நிற்கும். நாட்டுப்படகுக்குக் கொஞ்சம் ஐஸ் ஓட்டியாக வேண்டும் என்றால் தொட்டியைப் பாதி பாதியாகப் பிரித்துச் செய்யுங்கள்.

முதல் வாரம் அமோனியாவை ரிசீவருக்கு பம்ப் டவுன் செய்து, எண்ணெய் வடிப்பது. அடுத்து கண்டென்சர் காரை, நாசில், ஃபேன். மூன்றாவது பிரைனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காயில் குழாயின் கனத்தை அல்ட்ராசோனிக் கேஜில் அளப்பது. மெலிந்த குழாயை இப்போதே வெட்டி மாற்றுங்கள், ஆகஸ்டில் கசிந்தால் பருவமே போய்விடும். பிறகு கேன் ஒட்டு, மூடி, இன்சுலேஷன். கேஜ்களை இதே சமயம் சரிபார்க்கக் கொடுங்கள். பத்து பிஎஸ்ஐ தப்பாகக் காட்டும் கேஜை நம்பி மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது.

திறந்த லைனை மூடியபின் பிரஷர் டெஸ்ட் நைட்ரஜனில் மட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். வெல்டர் பக்கத்தில் அதுதான் நிற்கிறது என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. சோப்பு நுரை வைத்து இணைப்புகளைப் பார்த்து, 24 மணி நேரம் பிரஷர் நிற்கிறதா கவனித்து, நைட்ரஜனை விட்டுவிட்டு, வேக்கூம் எடுத்து, அதன்பின் கேஸ். கேஸ் ஏறியதும் ஈரமான ஃபீனால்ஃப்தலீன் தாளை ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் காட்டுங்கள். சிவந்த இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள், நிற்காவிட்டால் மறுபடி பம்ப் டவுன் செய்து கேஸ்கெட்டை மாற்றுங்கள். முகமூடியும் கண்ணாடியும் மெஷின் ரூமுக்கு வெளியே, கதவுப் பக்கம் தொங்க வேண்டும். உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்கப் போக முடியாது.